தெற்கு ஒழுங்கையின் அகலம்

“1956 மாசி 11, சனி. முல்லைத்தீவு. வளவும் கல்வீடும் கிணறும். வடக்கு: ஆசிரியர் ஒருவரின் வளவு. மேற்கு: தெருவோரக் கடைவளவு. கிழக்கு: தென்னங்காணி, சொந்தக்காரர் உடையார்கட்டில். தெற்கு: ஒழுங்கை. தெருவிலிருந்து படலை வரை என் நடையில் தொண்ணூற்றாறு. அகலம்: பிறகு. இளநீர். படலையைக் கிழக்கே மாற்றலாம் என்று சொன்னேன்.”

இது என் குறிப்புப் புத்தகத்தில் அந்த நாளுக்குரிய பதிவு. தெருவிலிருந்து வீட்டுக்குப் போகும் அந்த ஒழுங்கையின் அகலத்தை அளக்கக் குனிந்தபோது, வீட்டை விற்பவர் இளநீர் வெட்டியாகிவிட்டது என்று கூப்பிட்டார். எழுந்து போனேன். பிறகு அளக்கவில்லை. மறந்ததைக்கூட வரிசைப்படி எழுதி வைத்திருக்கிறேன்.

நான் காணி விற்றல் வாங்கலுக்கு உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் ஒன்பது வருடம் அந்த உறுதிப் பத்திரங்களைப் பிரதி எழுதியவன். 1952 இல் அந்த வேலையை விட்டுக் காணித் தரகு பார்க்கத் தொடங்கினேன். இப்போது, 1968 இல், சிறு வளவொன்றை வாங்கி, வீட்டைத் திருத்தி, வாடகைக்கு விட நினைக்கும் இளையவர்கள் சிலர் என்னிடம் வந்து எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறார்கள். கரையோரத்தில் என்றால் கிணற்றுத் தண்ணீரை ஆவணியில் குடித்துப் பாருங்கள் என்கிறேன். மார்கழியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். புதிதாக வெள்ளையடித்த வீடாக இருந்தால் அலுமாரியை நகர்த்தச் சொல்லுங்கள். மாரிவெள்ளம் எவ்வளவு ஏறியது என்பது அதன் பின்னால் இருக்கும். எல்லைத் தென்னையில் யார் தேங்காய் பிடுங்குகிறார் என்று விற்பவரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். இவையெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். அந்த வீட்டில் நான் விட்ட பிழை இவற்றில் எதுவும் அல்ல. அதனால் அதை விரிவாக எழுதுகிறேன்.

வாங்கியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் நெல் விதைத்த கமக்காரர். அவருக்கு வயலும் மேட்டுக்காணியும் இருந்தன. ஆனால் அவை அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்தவை. நினைத்தபடி சீதனம் எழுத முடியாது. ஒரே மகள், அப்போது பன்னிரண்டு வயது. எழுதிக் கொடுக்கக்கூடிய வீடொன்றை இப்போதே வாங்கி, மகள் வளரும்வரை உத்தியோகத்தருக்கு வாடகைக்கு விட்டு வைப்பது அவருடைய திட்டம். திட்டத்தில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை.

விற்றவர் கரையோரத்துக் கத்தோலிக்கர். வலையும் வள்ளமும் வைத்திருந்த சம்மாட்டி; வயதாகி, மகனோடு இருக்கப் போகிறவர். வீடு உறுதியானது. விலையில் ஒத்துப்போய்விட்டது. வேலி வாசலான படலையில்தான் தடைப்பட்டது. கமக்காரரின் மனைவி உள்ளே வரவே இல்லை. ஒழுங்கையில் நின்றபடி படலையைப் பார்த்தார்.

“தெற்கு வாசல்,” என்றார். “இதாலையோ என்ரை பிள்ளை குடிபுகுறது?”

“வீடு கிழக்குப் பாத்துத்தானே கிடக்கு,” என்றார் கணவர்.

“வீடு எங்கை பாத்தால் என்ன, நாங்கள் வாறது யமன்ரை பக்கத்தாலை.” பிறகு விற்பவரைப் பார்த்துக் கேட்டார்: “ஐயா, கோவிக்காதேங்கோ. இந்த ஒழுங்கையாலை செத்தவீடு போறதோ?”

“இல்லைப் பிள்ளை. ஒரு நாளும் போனதில்லை. எங்கடை ஆக்கள் பின்னாலை கிடக்கிற கடற்கரைப் பாதையாலைதான் கோயிலுக்குக் கொண்டு போறது.”

அது அவருக்குப் பாதி ஆறுதல். மீதிப் பாதியை நான் கொடுத்தேன். கிழக்கே வெறும் தென்னங்காணி, அதற்குள் ஒரு ஒற்றையடிப் பாதை, சொந்தக்காரர் நல்ல மனிதர். படலையைக் கிழக்கு வேலிக்கு மாற்றினால் போயிற்று என்றேன். அடுத்த கிழமை உடையார்கட்டுக்குச் சைக்கிளில் போய் அவரிடம் வாய்ச்சொல்லில் அனுமதியும் வாங்கிவந்தேன். பங்குனியில் உறுதி முடிந்தது. தெற்குப் படலையைக் கழற்றி அந்த இடத்தைத் தென்னோலைக் கிடுகால் அடைத்தார்கள். கிழக்கே புதுப்படலை வைத்துப் பொங்கினார்கள். மனைவி எனக்கு இரண்டு தரம் பொங்கல் போட்டார்.

உறுதியில் தெற்கு எல்லை ஒழுங்கை என்று எழுதியிருந்தது. கிழக்குப் பாதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒன்பது வருடம் உறுதி எழுதியவனுக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் முதலில் ஒரு பதிவு எழுதுவினைஞர் இருந்தார், பிறகு தபாற் கந்தோர்க்காரர் ஒருவர். எல்லாரும் தென்னங்காணியால் வந்து போனார்கள். தெற்கு ஒழுங்கைக்கு அந்த வீட்டைத் தவிர வேறு வேலை இல்லை. தெருவிலிருந்து அதன் கடைசிவரை மறுபக்கம் முழுவதும் ஒரே ஒருவருடைய வளவு: கருவாடு போட்டு விற்கும் ஒரு கத்தோலிக்க விதவை. என் குறிப்புகளை வரிசையாகத் தருகிறேன்.

1958 ஆனி: “ஒழுங்கைக்குள் ஆடு கட்டியிருக்கிறது.”

1960 தை: “ஒழுங்கையில் முருங்கை மூன்று. கேட்கவில்லை.”

1961 புரட்டாதி: “தெருவோர வாய் அடைபட்டிருக்கிறது. கருவாட்டுப் பந்தல். இந்த வருடம் கேட்க வேண்டும்.”

1962 மாசி: “கிழக்குத் தென்னங்காணி கைமாறியது. புதியவர் முட்கம்பி அடிக்கிறார்.”

அந்தப் புதியவரிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். “குடியிருக்கிற ஆக்கள் போய்வரட்டும், நான் மறிக்கேல்லை. ஆனால் எழுதித் தரச் சொல்லிக் கேளாதேங்கோ,” என்றார். எழுதித் தராதது எந்த நாளும் மறிக்கப்படலாம். இப்போது கமக்காரர் கையில் வீடு இருந்தது, கிணறு இருந்தது, உறுதி இருந்தது. உள்ளே போக வழி இருக்கவில்லை.

நான் அவருக்கு உடனே சொல்லவில்லை. ஒட்டுசுட்டானுக்குப் பேருந்து இருந்தது, ஏறவில்லை. வேறொருவர் வந்து சொல்லும்வரை விட்டுவிட்டேன்.

அந்த வேறொருவர் 1963 வைகாசி 12, ஞாயிற்றுக்கிழமை வந்தார். மகளுக்குப் பத்தொன்பது வயது. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் உத்தியோகத்திலிருந்த மாப்பிள்ளை. பொருத்தம் நன்றாக இருந்தது, பெண்ணும் சம்மதித்திருந்தாள். சீதனம் இந்த வீடு. கலியாண எழுத்துக்கு முன் வீட்டைப் பார்க்க மாப்பிள்ளையின் மாமன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். கோட்டில் சாட்சியங்களை மொழிபெயர்க்கும் துவிபாஷகராக இருந்து இளைப்பாறியவர். கையில் உறுதியின் பிரதி. கோப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து நான்கு எல்லையும் நடந்தார். நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை அவர் ஒருவரும் சொல்லாமல் செய்தார்.

தெற்கு வேலியில் நின்று பிரதியைப் பார்த்தார். வேலியின் மேலால் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் முருங்கை நன்றாகக் காய்த்திருந்தது.

“ஐசே, தெற்கை ஒழுங்கை எண்டு கிடக்கு. ஒழுங்கை எங்கை?”

“அது… பாவிக்கிறதில்லை,” என்றேன்.

“பாவிக்கிறேல்லை எண்டால் கிடக்க வேணுமே. நான் பாக்கிறது முருங்கையெல்லோ.”

“கிழக்காலை வழி இருக்கு.”

“கிழக்காலை நாங்கள் வந்தது முட்கம்பிக்குள்ளாலை. உறுதியிலை அது எந்தப் பக்கத்திலை கிடக்கு, காட்டும் பாப்பம்.”

காட்டவில்லை. கமக்காரர் என்னைப் பார்த்தார். ஏழு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

மாமன் குரலை உயர்த்தவில்லை. “பெடிச்சி நல்ல பிள்ளை. எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் பறந்து போய் இறங்கிற வீட்டை நான் சீதனமெண்டு எடுக்கேலாது. வாற மாசம் முதல் ஞாயிறு திரும்பி வாறன். தெருவிலையிருந்து படலைக்கு எனக்கு ஒழுங்கையைக் காட்டுங்கோ. கலியாணக் கார் வந்து நிக்கிற ஒழுங்கை. கார் போகாததை நான் ஒழுங்கை எண்டு சொல்லமாட்டன். இல்லாட்டி ரெண்டு பகுதியும் வேறை இடம் பாப்பம்.”

மூன்று கிழமை இருந்தது. வழக்குப் போட்டால் மூன்று வருடம் போதாது என்பது கமக்காரருக்கும் தெரியும். அடுத்த நாள் காலையில் இருவரும் தெற்கு வளவுக்குப் போனோம். அந்த அம்மாள் பந்தலில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தார்.

“வாங்கோ தம்பி. ஏழு வருசமாச் சைக்கிளிலை போகேக்கை எட்டிப் பாத்து எட்டிப் பாத்து எழுதினீங்கள். இண்டைக்குத்தான் இறங்கினனீங்கள்.”

“ஒழுங்கை விசயமாத்தான் வந்தனாங்கள், அக்கா.”

“எந்த ஒழுங்கை?”

“இந்த முருங்கை நிக்கிற…”

“ஓ, அதுவோ. அதை நீங்கள்தானே அடைச்சனீங்கள். நான் படலையைக் கழட்டினனானோ? கிடுகு கட்டினனானோ? ஒருத்தரும் நடவாத நிலம் சும்மா கிடந்துது. ஆடு போய்ப் படுத்துது. ஆட்டைக் கேளுங்கோ.”

கமக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். மகள், மாப்பிள்ளை, மாமன், கார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த அம்மாள் கருவாட்டைத் திருப்பியபடி கேட்டார்.

“பிள்ளைக்கு எத்தினை வயசு?”

“பத்தொன்பது.”

“நான் இதாலை வரேக்கை பதினேழு.” கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “தாறன். ஒரு கதை இருக்கு. திறந்தால் பாவிக்க வேணும். திறந்து காட்டிப்போட்டுப் பேந்தும் கிழக்காலை போறதெண்டால் என்ரை முருங்கையை வெட்டாதேங்கோ. படலை இந்தப் பக்கம் வரவேணும்.”

“மனுசி தெற்கு வாசலுக்குச் சம்மதியா,” என்றார் கமக்காரர் மெதுவாக.

“தெற்கை வைக்கச் சொல்லி ஆர் சொன்னது? உங்கடை வேலியை உள்ளுக்கு ரெண்டு பாகம் மடியுங்கோ. மூலை ஒண்டு வரும். அந்த மூலைக்குள்ளை கிழக்குப் பாக்கப் படலையைப் போடுங்கோ. ஒழுங்கையாலை வந்து, மூலைக்குள்ளை திரும்பி, கிழக்கு வாசலாலை உள்ளுக்குப் போறது. என்ரை தகப்பன் வீட்டிலையும் அப்பிடித்தான், எங்களுக்குச் சாத்திரம் இல்லை, காத்துக்காக.”

சொந்த வளவில் இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, விட்டிருந்தால் 1956 இலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். நான் அதை விட்டுவிட்டு, இன்னொருவருடைய தயவில் ஏழு வருடம் ஒரு வீட்டை நிறுத்தி வைத்திருந்தேன். காணி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதில்தான் இருக்கிறது. வாசலைத் திருப்ப வேண்டுமானால் உங்கள் வேலிக்குள் திருப்புங்கள். உறுதிக்குத் தெரிந்த வழியை ஒரு நாளும் அடைக்காதீர்கள். வாடகைக்கு இருப்பவர் கிழமைக்கு ஒரு தரமாவது அதால் தண்ணீர்க்குடத்தோடு போய்வரட்டும்.

மிச்சம் இருந்தது அகலம். என் புத்தகத்தில் “பிறகு” என்றிருந்தது. உறுதியில் அளவே இல்லை. அந்த அம்மாள் தன் உறுதியை எடுத்துவந்து காட்டினார். அதிலும் வடக்கு எல்லை ஒழுங்கை, அவ்வளவுதான்.

“அகலம் எனக்குத் தெரியும்,” என்றார். “நாப்பத்தொன்பதாம் ஆண்டு என்ரை மனுசன்ரை சவப்பெட்டி இதாலைதான் போனது. பெட்டிக்கு அங்காலை ஒரு ஆள், இஞ்சாலை ஒரு ஆள். ஒருத்தற்றை தோளும் வேலியிலை முட்டேல்லை. அவர் மெலிஞ்ச ஆளும் இல்லை.”

தபாற் கந்தோர்க்காரர் விட்டுப்போன குசினி மேசையொன்று வீட்டில் இருந்தது. பெட்டியின் அகலம் ஏறக்குறைய அதுதான் என்று அவரே கைவிரித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை முருங்கையை வெட்டினோம், பந்தலைத் தள்ளிப் போட்டோம். சனிக்கிழமை காலையில் மேசையை நடுவில் வைத்து, நான் ஒரு பக்கமும் கமக்காரர் மறுபக்கமும் பிடித்துக்கொண்டு, தெருவிலிருந்து நடந்தோம். எங்கள் பக்க வேலி நேராக இருந்தது. மறுபக்கம் என் தோள் எங்கே வந்ததோ அங்கே அந்த அம்மாள் குதிக்காலால் மணலில் கோடு கீறினார். “இன்னும் தள்ளி நடவுங்கோ தம்பி. பெட்டி தூக்கிறவன் ஒடுங்கி நடக்கிறேல்லை.” நான் தள்ளி நடந்தேன்.

கமக்காரரின் மனைவி விறாந்தையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உந்த மேசையை ஏன் காவிக்கொண்டு திரியிறியள்?”

“அளக்கிறம்,” என்றார் கணவர்.

“மேசையாலையோ? நாடா இல்லையோ?”

“நாடா ஆக்களுக்கு ஏத்தமாதிரி இழுபடும் பிள்ளை,” என்றார் அந்த அம்மாள். “மேசை இழுபடாது.”

எந்தப் பெட்டியின் அளவு அது என்று நாங்கள் மூவரும் அவருக்குச் சொல்லவில்லை. கோடு கீறி முடிந்தபோது, ஒழுங்கையின் தெற்குப் பாதியில் இரண்டு பெரிய பூவரசுகள் நின்றன. வரிசையாக, ஒன்றுக்கொன்று பதினைந்து அடி தள்ளி. வழியிலை மரமேன் என்று அந்த அம்மாள் அவற்றையும் வெட்டச் சொன்னார். விறகு அவருக்குப் போயிற்று. அன்று மாலை நாடா பிடித்தேன்: எட்டு அடி.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை மாமன் வந்தார். கார் தெருவிலிருந்து திரும்பி, புதுப்படலை மூலைவரை வந்து நின்றது. இரண்டு பக்கமும் கதவு திறந்தது. இறங்கி, திரும்பவும் தெருவரை நடந்துபோய் நடந்துவந்தார்.

“இது எத்தினை வருசமாக் கிடக்கிற ஒழுங்கை?”

எவரும் வாய்திறப்பதற்கு முன் அந்த அம்மாள் தன் வேலிக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “நான் கலியாணம் முடிச்சு வந்ததிலையிருந்து கிடக்கு.”

மாமன் கீழே பார்த்தார். முருங்கையின் அடி இன்னும் ஈரமாக இருந்தது. “ஓம், கிடக்கும்,” என்றார். “அப்ப அதை எழுதிப்போடுவம். எல்லாரும் சீவனோடை இருக்கேக்கை எழுதினால்தான் நல்லது.” அன்றைக்குத்தான் அவர் எங்கள் கோப்பியைக் குடித்தார்.

நில அளவையாளர் படம் கீறினார். என் பழைய நொத்தாரிசு உறுதி எழுதினார். பெட்டி, தோள், மேசை எதுவும் அதில் இல்லை. “நெடுங்காலப் பாவனைப்படி எட்டு அடி அகலமான ஒழுங்கை” என்று மட்டும் இருக்கிறது. அந்த அம்மாள் கையெழுத்து வைத்தார். சாட்சிகளில் ஒருவன் நான். கலியாணம் ஆவணியில் நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒழுங்கையால் வந்து, மூலையில் திரும்பி, கிழக்குப் பார்த்த படலையால் உள்ளே போனார்கள். பெண்ணின் தாய் ஆலாத்தி எடுத்தார். தெற்கு வளவிலிருந்து ஒரு பனங்கட்டிக் குட்டான் வந்தது. அவர்கள் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்; இரண்டு பிள்ளைகள். 1964 மார்கழிப் புயலில் எல்லா வேலியும் விழுந்து வளவுகள் ஒரே மணல்வெளியாகக் கிடந்தபோது, படத்தை வைத்து அதே எட்டு அடிக்குத் திரும்ப வேலிக் கதியால் போட்டார்கள். ஒரு சத்தமும் எழவில்லை.

அந்த அம்மாள் சென்ற வருடம், 1967 கார்த்திகையில், காலமானார். அதற்குப் பிறகு ஒரு நாள் இந்தக் குறிப்புகளை ஒழுங்காக எழுதலாம் என்று 1956 ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மாசி 11 இன் மறுபக்கத்தில், நான் மறந்தே போன ஒரு வரி இருந்தது: “செத்தவீடு இந்த ஒழுங்கையால் ஒருநாளும் போனதில்லை, கடற்கரைப் பாதையால்தான் என்கிறார் விற்பவர்.”

விற்றவர் 1960 இல் இறந்துவிட்டார். வீடு விற்க வேண்டும் என்பதற்காக அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். கத்தோலிக்கக் கோயிலில் சுவாமியாரிடம் கேட்டு அடக்கப் பதிவைப் பார்த்தேன். அந்த அம்மாளின் கணவர் 1949 இல் அடக்கம் செய்யப்பட்டது சரி. எந்த வழியால் கொண்டுவந்தார்கள் என்று பதிவுகளில் எழுதுவதில்லை. வெட்டிய பூவரசுகள் இரண்டும் வேலிக்கு நட்டு மரமாகிப்போன பழைய எல்லைக் கதியால்களா, வளவுக்குள் நின்ற மரங்களா என்று நான் அன்று பார்க்கவில்லை. எல்லைக் கதியால்கள் என்றால் பழைய ஒழுங்கை ஐந்து அடிக்கு மேல் இருந்திருக்காது. மிகுதி மூன்று அடி அந்த அம்மாளின் சொந்த நிலம்.

அந்தப் பெட்டி தெற்கு ஒழுங்கையால் போனதா இல்லையா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.